கோழி லாரியும் ஏர்லீனின் தோள்பட்டையும்

பெல்டன் மாவட்டத்தில் ஏர்லீன் ஸ்டால்வொர்த்தைப் பார்த்து யார் "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாலும், "நல்லா இருக்கேன், கர்த்தர் கிருபையில ஒரு குறையும் இல்ல" என்றுதான் பதில் வரும். பித்தப்பையில் கல் இருந்தபோதும் அதே பதில். பெற்ற தாயை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய அன்றும் அதே பதில். அலபாமாவின் அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டால் கேட்டவருக்குச் சங்கடமாகிவிடுமாம். இந்தப் பாழாய்ப்போன மரியாதையால் எத்தனை பேர் நோய் முற்றிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை; அதைக் கேட்பதும் மரியாதை இல்லை.

ஏர்லீனுக்கு அறுபத்திரண்டு வயது. நெடுஞ்சாலை ஓரத்துப் பெட்ரோல் பங்கின் பின்கட்டுச் சமையலறையில் விடியுமுன் போய் நின்று பிஸ்கட் சுடுவது அவள் வேலை. டீயில் நனைத்துத் தின்கிற மொறுமொறு சமாச்சாரம் அல்ல. உள்ளங்கை அகலத்துக்கு, மோரும் வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, உப்பி எழுந்து, உள்ளே ஆவி பறக்கும் பிஸ்கட். மரம் வெட்டப் போகிறவர்கள், பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர்கள், நீதிபதி உட்பட அத்தனை பேருக்கும் அதுதான் காலை ஆகாரம். பெட்ரோல் போட மறந்து பிஸ்கட் மட்டும் வாங்கிப்போய் நடுவழியில் நின்றவர்கள் உண்டு.

அவளுக்கு இன்னொரு விஷயத்திலும் பெயர் இருந்தது. பெத்தேல் சபையில் எந்தச் சாவு விழுந்தாலும் துக்க வீட்டுக்கு முதலில் போய்ச் சேருவது ஏர்லீனின் உருளைக்கிழங்கு சாலட். அவளுடைய நீலக் கிண்ணம் மேசைமேல் வந்து உட்கார்ந்தபிறகுதான் செத்தவர் நிஜமாகவே செத்துவிட்டார் என்று ஊர் நம்பும். சபையின் சமையல் குழுத் தலைவி வைனெல் பக்ஹானன், யார் எதைக் கொண்டுவருவது என்று பங்கு பிரிக்கும் சர்வாதிகாரி, ஏர்லீனைக் கேட்கவே மாட்டாள். "சாலட் ஏர்லீன்" என்பது வேத வாக்கியம். வைனெல்லுக்கு அதில் உள்ளூர எரிச்சல்தான். அவளும் உருளைக்கிழங்கு சாலட் செய்கிறவள்.

கோழி லாரி வந்து மோதியது ஒரு திங்கட்கிழமை காலை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், பிள்ளைகளை ஏற்ற நின்ற பள்ளிக்கூட பஸ்ஸுக்குப் பின்னால் ஏர்லீன் தன் காரை ஒழுங்காக நிறுத்தியிருந்தாள். பின்னால் வந்த லாரி நிறுத்தவில்லை. கார் உருண்டு பள்ளத்தில் இறங்கியது. லாரியிலிருந்த கூண்டுகள் சரிந்து திறந்தன. பனி பெய்யாத ஊரில் பனி பெய்தது என்று பஸ்ஸிலிருந்த பிள்ளைகள் கூத்தாடினார்கள். அத்தனையும் இறகு.

வேறு ஊர்க்காரியாக இருந்தால் அப்படியே சாய்ந்து கிடந்திருப்பாள். நம்மவள் கதவை உதைத்துத் திறந்து வெளியே வந்து லாரி டிரைவரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"மன்னிச்சுக்கப்பா, உன் கோழியெல்லாம் போச்சே."

டிரைவர் டெல்மர் டிட்வெல், பக்கத்து ஊர்ப் பையன், சாலையோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துத் தேற்றிவிட்டு ஏர்லீன் கோழி பிடிக்கப் போனாள். இடது கையால்தான் பிடித்தாள். வலது கை ஏனோ மேலே வரவில்லை.

போலீஸ்காரர் வந்து, "ஆம்புலன்ஸ் கூப்பிடட்டுமா, ஏர்லீன் அக்கா? எப்படி இருக்கீங்க?" என்றார்.

அவள் என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும். அவரும் அதை எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்துக் கோழிக் கம்பெனியின் இன்சூரன்ஸிலிருந்து தேன் சொட்டும் குரலில் ஒரு பெண் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். ஏர்லீன் அதே பதிலைச் சொன்னதோடு நில்லாமல், "நீ சாப்பிட்டியாம்மா?" என்றும் விசாரித்தாள். அந்தப் பேச்சு முழுவதும் பதிவாகிக்கொண்டிருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் மரியாதையால் கெட்டாள்.

இரண்டு வாரத்தில் பிசைந்த மாவைத் தேய்க்கும் கட்டை கையிலிருந்து நழுவியது. மருத்துவர் படம் எடுத்துப் பார்த்தார். தோளில் தசைநார் கிழிந்திருந்தது. அறுவை சிகிச்சை செய்தால் சேரும், செய்யாவிட்டால் கை இனித் தோளுக்கு மேல் எழும்பாது என்றார். ஆகும் செலவைச் சொன்னபோது ஏர்லீனின் கணவன் ஹாய்ட், காகித ஆலையில் ஓய்வு பெற்றவன், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். இன்சூரன்ஸ்காரர்கள் காலணா தர மறுத்தார்கள். அது வயசானால் வரும் கிழிசல், மேலும் அம்மையார்தான் நன்றாக இருப்பதாக இரண்டு முறை சொல்லிவிட்டாரே என்றார்கள். பெட்ரோல் பங்கில் பெட்டியில் வரும் உறைந்த பிஸ்கட்டைச் சுட ஆரம்பித்தார்கள். ஊரே காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வேலைக்குப் போனது.

ஆக, அந்தக் கை வேண்டுமென்றால் வழக்குப் போட வேண்டும் என்றானது. நெடுஞ்சாலை முழுக்க விளம்பரப் பலகையில் ஒரு புல்டாக் நாயோடு முறைத்துக்கொண்டு நிற்கும் வக்கீல் ரட் பிக்கரிங்கிடம் போனார்கள். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை. நேரில் பார்த்தால் மனிதர் சாது. நாயும் அவருடையது அல்லவாம்.

"இனிமே யாரு எப்படி இருக்கீங்கன்னு கேட்டாலும், வலிக்குதுன்னு சொல்லணும். சரிங்களா?" என்றார் பிக்கரிங்.

"அது எப்படிங்க? கேட்டவங்க முகத்துல அடிச்ச மாதிரி இருக்குமே."

"ஒத்திகை பாப்போம். வாங்கம்மா, எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் தம்பி, நீங்க?"

"வலிக்குதும்மா! வலிக்குதுன்னு சொல்லுங்க!"

"ஐயோ, உங்களுக்கு எங்க வலிக்குது?" என்றாள் ஏர்லீன், நிஜமான கவலையோடு. பிக்கரிங் மேசைமேல் தலையை வைத்துக்கொண்டார்.

வழக்கு ஒரு வருஷம் இழுத்தது. அதற்குள் லாரி ஓட்டிய டெல்மரின் தாய் இறந்துபோனாள். சேதி கேட்டதும் ஏர்லீன் எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"ஏய், எங்க போற? அவங்க மேல கேஸு நடக்குது" என்றான் ஹாய்ட்.

"கேஸு கம்பெனி மேல. செத்தது அந்தப் புள்ளையோட அம்மா. வெறுங்கையோட எப்படிப் போறது?"

உருளைக்கிழங்கைத் தோலுரிக்க உட்கார்ந்தாள். மூன்றாவது கிழங்கில் கத்தி விழுந்தது. இடது கையால் முயன்றாள். கிழங்கு ஓடியது, அவள் துரத்தினாள். கடைசியில் நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, கொலைக்கு ஆள் ஏவுகிறவள்போல ஹாய்டிடம் ஒரு வேலை சொன்னாள். அவன் அறிமுகமான கடைகளையெல்லாம் விட்டுவிட்டு, மாவட்ட எல்லை தாண்டி, தொப்பியைக் கண்வரை இறக்கிக்கொண்டு ஒரு பெரிய கடைக்குப் போய், பிளாஸ்டிக் டப்பாவில் உருளைக்கிழங்கு சாலட் வாங்கிவந்தான். வரும் வழியில் பின்னால் யாராவது வருகிறார்களா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினானாம். ஏர்லீன் அதை நீலக் கிண்ணத்துக்கு மாற்றினாள். முட்டையை வட்டமாக அறுத்து மேலே அடுக்கி, மிளகாய்த்தூள் தூவினாள். டப்பாவைக் கொல்லையில் எரித்தாள்.

இதைப் படிக்கிற நமக்குச் சிரிப்பாக இருக்கலாம். அந்த ஊரில் துக்க வீட்டுக்குக் கடைச் சாலட்டைக் கொண்டுபோவது என்பது அடுத்தவள் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஞானஸ்நானத்துக்குத் தூக்கிப்போவதற்குச் சமம்.

துக்க வீட்டில் எல்லோரும் எப்போதும்போலப் புகழ்ந்து சாப்பிட்டார்கள். வைனெல் மட்டும் ஒரு கரண்டி வாயில் போட்டு, மெல்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள். செத்தவள் அவளுக்குச் சித்தி மகள்; ஆனாலும் அழுகை சட்டென்று நின்றுபோனது.

"ஏர்லீன், இன்னிக்கு ருசி ஒரு மாதிரி இருக்கே?"

"புதுக் கடுகு" என்றாள் ஏர்லீன்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் நின்ற காரிலிருந்து ஒருவன் ஏர்லீன் வந்ததையும் போனதையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். கம்பெனி அமர்த்திய துப்பறிவாளன்.

விசாரணைக்கு நாள் வந்தது. நடுவர்களாக உட்கார ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனியின் வக்கீல் கெஸ்லர், வடக்கே மினசோட்டாவிலிருந்து வந்தவர், ஒல்லியான, கண்ணியமான மனிதர். இந்த அம்மாள் சுட்ட பிஸ்கட்டைச் சாப்பிட்டவர்களையெல்லாம் நீக்க வேண்டும் என்று கேட்டார்.

"அப்படி நீக்கினா பக்கத்து மாநிலம் ஜார்ஜியாவுலேருந்து ஆள் எறக்கணும், மிஸ்டர் கெஸ்லர்" என்றார் நீதிபதி. "என்னையும் சேர்த்து நீக்கணும்."

இரண்டாம் நாள் ஏர்லீன் சாட்சி சொல்ல வந்து வேதாகமத்தின்மேல் இடது கையை வைத்தாள். வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். அது மார்புவரை வந்து நின்றது. கெஸ்லர் அதைப் பார்த்து மெல்லச் சிரித்தார். நாடகம் என்று நினைத்தார். பிறகு திரையில் படத்தைப் போட்டார். ஏர்லீன் காரிலிருந்து இறங்குகிறாள். நீலக் கிண்ணத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு படியேறுகிறாள். இடுப்பாலேயே கதவைத் தள்ளுகிறாள். நாலைந்து பேரைக் கட்டிப்பிடிக்கிறாள்.

"கிண்ணத்துல என்ன இருந்துச்சும்மா?"

"உருளைக்கிழங்கு சாலட்."

"எத்தனை பேர் சாப்பிடற அளவு?"

"முப்பது பேர்."

"இந்த ஊர்லயே உங்க சாலட்டுக்குத்தான் பேர்னு கேள்விப்பட்டேன்."

"சொல்வாங்க" என்றாள் ஏர்லீன். மூன்றாவது வரிசையில் வைனெல் மூக்கை உறிஞ்சினாள்.

"அப்ப அத்தனை கிழங்கையும் தோலுரிச்சு, நறுக்கி, மசிச்சு, கிளறியிருக்கீங்க. தூக்கவே முடியாத அந்தக் கையால."

பின்வரிசையில் ஹாய்ட் கப்பல் கவிழ்ந்தவன்போல உட்கார்ந்திருந்தான். பிக்கரிங்குக்கு ஒன்றும் புரியவில்லை. டப்பா விஷயத்தை வக்கீலிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. ஆமாம் என்று சொன்னால் கை போகும். இல்லை என்று சொன்னால் நாற்பது வருஷப் பெயர் போகும். தாயின் சாவு, மாமியாரின் சாவு, எத்தனையோ பேரின் சாவு எல்லாவற்றையும் அந்தக் கிண்ணத்தோடுதான் அவள் கடந்திருந்தாள். பெயருக்குக் கை ஈடாகுமா என்று அவள் நிஜமாகவே யோசித்தாள். ஈடாகாது என்றே தோன்றியது. ஆனால் உள்ளங்கைக்குக் கீழே வேதாகமத்தின் அட்டை இன்னும் உறைத்துக்கொண்டிருந்தது.

"ஐயா, எல்லாரையும் கொஞ்சம் வெளிய அனுப்ப முடியுமா?" என்று நீதிபதியைக் கேட்டாள்.

"முடியாதும்மா. இது திறந்த கோர்ட்டு."

"வைனெல்ல மட்டுமாவது?"

"முடியாதும்மா."

ஏர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கடையில வாங்குனது."

பேச்சைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. அவளும் அந்தச் சாலட்டை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவள். நடுவர் பெட்டியில் ஒரு கிழவி "இயேசுவே!" என்றாள்.

கெஸ்லருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பாவம், அவர் ஊரில் கடையில்தான் வாங்குவார்கள். "சரியா கேக்கல, இன்னொரு தடவை சொல்லுங்க?"

"கடையில வாங்குனதுன்னேன்."

"அதாவது, நீங்க செய்யல..."

"எத்தனை தடவைய்யா என் மானத்தை வாங்குவே!" ஏர்லீன் எழுந்துவிட்டாள். "டப்பாவுல விக்கிற சாலட்டு! ஹாய்டை அடுத்த மாவட்டத்துக்கு அனுப்பி வாங்கிட்டு வரச் சொன்னேன். என் கிண்ணத்துல போட்டு முட்டைய அடுக்கினேன். புதுக் கடுகுன்னு பொய் சொன்னேன், அதுவும் பொணம் இருக்கிற வீட்ல. ஏன்னா மூணு கிழங்குக்கு மேல என்னால தோலுரிக்க முடியல. என் தலைய நானே சீவ முடியல. முப்பத்தெட்டு வருஷமா காகிதம் சுத்துன கை, ஹாய்டோட கைதான் எனக்குத் தலை சீவுது. நேத்து கோணலா வகிடு எடுத்துவிட்டான், பாருங்க. உள்ளாடை கொக்கியும் அவன்தான் போட்டுவிடறான். போடத் தெரியாம முனகுறான். வலிக்குது. லாரி மோதுன நாள்லேருந்து வலிக்குது. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டு வீட்டுக்குப் போய் அழுதேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். அவ்வளவு பேர் முன்னால் அழுதது அவளுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பிக்கரிங் எழுந்து, தனக்குக் கேள்விகள் எதுவும் இல்லை என்றார். அவருடைய தொழிலிலேயே அதுதான் மிகச் சிறந்த வாதம் என்று பிற்பாடு பலரும் சொன்னார்கள்.

நடுவர்கள் உள்ளே போனார்கள். நீதிபதி காபி ஆற்றுவதற்குள் திரும்பி வந்துவிட்டார்கள். அறுவை சிகிச்சைக்கும், போன சம்பளத்துக்கும், பட்ட வலிக்கும் சேர்த்து, வக்கீலின் பங்கு போனபிறகும் கைக்கு மிஞ்சும்படி, ஏர்லீன் கேட்டதற்கு மேலேயே தீர்ப்பானது. நடுவர்களின் தலைவர், ஒரு நிலக்கடலை விவசாயி, வாசலில் வந்து ஹாய்டிடம் சொன்னார்: "டாக்டருங்க ரெண்டு பக்கமும் வந்து என்னென்னவோ படத்தைக் காட்டினாங்க, எனக்கு எழவு ஒண்ணும் புரியல. ஆனா வைனெல் உக்காந்திருக்கும்போது ஒருத்தி எழுந்து கடையில வாங்குனதுன்னு சொன்னா பாரு, அதுக்கு மேல என்னய்யா அத்தாட்சி வேணும்?"

வைனெல் தாழ்வாரத்தில் வழிமறித்து நின்றாள். ஏர்லீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். மொதக் கரண்டியிலேயே தெரிஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் ஊரெல்லாம் சொல்லல?"

"கடைச் சாலட்டு வாங்குற அளவுக்கு நீ போயிட்டேன்னா புத்துநோயாத்தான் இருக்கும்னு நெனச்சேன்டி. அன்னிலேருந்து தினம் உனக்காக முழங்கால்ல நின்னு ஜெபம் பண்ணேன். என் முழங்காலுக்கு யாருகிட்ட நஷ்டஈடு கேக்கறது?" என்று சொல்லி வைனெல் அழுதாள். இருவரும் கட்டிக்கொண்டார்கள். ஏர்லீன் ஒரு கையால்தான் கட்டிக்கொண்டாள்.

ஆனால் பாசம் வேறு, சமையல் குழு வேறு. அடுத்த மாதம் சபையில் ஒரு சாவு. வைனெல் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"ஏர்லீன், நீ ஐஸ் கொண்டா. அப்படியே காகிதத் தட்டும்."

அந்த ஊரில் ஐஸும் காகிதத் தட்டும் யாருக்குப் போகும் தெரியுமா? வெந்நீர் வைக்கத் தெரியாதவர்களுக்கு. மனைவியை இழந்த கிழவர்களுக்கு. புதிதாய் வந்த போதகரின் மருமகளுக்கு. ஹாய்ட் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான். வீடு பற்றி எரியும் என்று எதிர்பார்த்தான். ஏர்லீன் போனை வைத்துவிட்டு, "வண்டியை எடு, ஐஸ் வாங்கணும்" என்றாள்.

துக்க வீட்டில் ஐஸை ஹாய்ட் தூக்கிப்போய் வைத்தான். அதோடு ஏர்லீனுக்கு வேலை முடிந்துவிட்டது. கிண்ணம் காலியாகிறதா என்று பார்க்க வேண்டியதில்லை, யார் இரண்டாம் தரம் போட்டுக்கொண்டார்கள் என்று கவனிக்க வேண்டியதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரோ ஒரு தட்டைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். வறுத்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, வைனெல்லின் சாலட். கோழியும் ரொட்டியும் இன்னும் சூடாக இருந்தன. நாற்பது வருஷமாகத் துக்க வீடுகளில் ஆறிப்போனதை நின்றுகொண்டே தின்றவளுக்கு அது புதுசாக இருந்தது. செத்தவரை நினைத்து நிதானமாகக் கொஞ்சம் அழவும் நேரம் கிடைத்தது.

அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. ஆறு மாதத்தில் பெட்ரோல் பங்கில் மறுபடி பிஸ்கட் உப்பி எழுந்தது, ஊர் முகத்தில் களை வந்தது. வைனெல்லும் தினம் இரண்டு வாங்கிப்போனாள். பிறகு ஒரு சாவு வந்தது. வைனெல் நேரிலேயே வந்து கேட்டாள்.

"கை இப்ப எப்படிடி இருக்கு? சாலட்டை உன்கிட்டயே திருப்பிக் குடுத்துடட்டுமா?"

ஏர்லீன் மாவு ஒட்டிய கையால் தோளைத் தடவிக்கொண்டாள். நொடிகூடத் தயங்கவில்லை.

"ஐயோ, இன்னும் வலிக்குது வைனெல்" என்றாள்.